மாரியோ தண்ணீர்க் கட்டப் பாட்டு: பைலா, தவில், மெட்டல் எல்லாம் ஒன்றாய். கேட்டவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

காலிவீதி_பயணி:
போன கிழமை நம்ம பக்கம் சுற்றிய அந்த ரீமிக்ஸை இங்கே யார் யார் கேட்டீர்கள்? சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீடியோ கேமில் தண்ணீருக்குள் நீந்தும்போது வருமே ஒரு வால்ட்ஸ் (மேல்நாட்டு நடன இசை), அதைத்தான் நாலு பேர் சேர்ந்து செய்திருக்கிறார்கள். தெஹிவளைப் பொடியன் ஒருவன் கீபோர்டும் பைலா தாளமும் (நம்ம ஊர் ஆட்டப் பாட்டுத் தாளம்), கொட்டாஞ்சேனையில் இருந்து தவிலும் நாதசுரமும், கடைசியில் மெட்டல் கிட்டார், அதாவது கடும் ராக் இசைக் கிட்டார். ஒன்றாக ஒரு அறையில் உட்கார்ந்து வாசிக்கவே இல்லையாம், ஆளாளுக்குப் பதிந்து கோப்பை அனுப்பியிருக்கிறார்கள்.

எனக்கு முதல் பாதி அப்படிப் பிடித்தது, 100ஆம் இலக்க பஸ்ஸில் வெள்ளவத்தையில் ஏறினால் கோட்டை வரும்வரை அதேதான் ஓடுகிறது. ஆனால் இரண்டரை நிமிடத்தில் கிட்டார் வந்து விழுந்ததும் யாரோ வேறு பாட்டைப் போட்டுவிட்ட மாதிரி இருக்கிறது. என் தங்கச்சி நேர் எதிர். அவளுக்குக் கிட்டார் வந்த பிறகுதான் பாட்டே, அதற்கு முன்னால் வருவதெல்லாம் கல்யாண வீட்டுச் சத்தமாம். கீழே கருத்துகளிலும் இதே சண்டைதான். பாட்டில் பிழையா, எங்கள் காதில் பிழையா?

தக்கிட_தக்கிட:
காதில் பிழையில்லை தம்பி. முதல் பாதி ஏன் அவ்வளவு இழைகிறது என்று பாருங்கள். வால்ட்ஸ் மூன்றடி. ஒவ்வொன்றையும் இரண்டாக உடைத்தால் ஆறு சிற்றடி, தக தக தக. பைலாவும் ஆறுதான், ஆனால் தக்கிட தக்கிட என்று மூன்று மூன்றாக விழும். சிற்றடியின் வேகம் கொஞ்சமும் மாறவில்லை, அழுத்தம் விழும் இடம் மட்டும் நகர்கிறது, அதைச் செய்வது தவில்காரர். ஒரு நிமிடம் பத்துச் செக்கன் கிட்ட கேளுங்கள், வலந்தலையில் (தவிலின் வலப்பக்கம்) விரல்கூடு இன்னும் வால்ட்ஸைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே தொப்பியில் (இடப்பக்கம்) குச்சி பைலாவைத் தொடங்கிவிடும். நாலு சுற்று இரண்டும் சேர்ந்து ஓடிய பிறகுதான் கீபோர்ட் உள்ளே வருகிறது. அந்த இடத்தில் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

கிட்டாருக்கு அப்படி எந்தப் பாலமும் போடவில்லை. திடீரென்று நாலடி, டபுள் கிக் (இரண்டு காலாலும் அடிக்கும் டிரம்), மூன்றில் இருந்த மெட்டை வெட்டி நாலில் ஒட்டியிருக்கிறார்கள். அதுதான் உங்களுக்குக் குத்துகிறது.

கசட்_ஊதினவன்:
அண்ணை, முதல் பாதிக்கு நீங்கள் சொன்னது அத்தனையும் சரி, ஆனால் கிட்டார் நாலில் இல்லை! டிரம்ஸ் மட்டும்தான் நாலு. கிட்டார் மூன்றிலேயே நிற்கிறது, பன்னிரண்டு அடிக்கு ஒருமுறை இரண்டும் வந்து முட்டும். மெட்டல்காரர்கள் விரும்பிச் செய்கிற வேலை இது. எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று, அந்தக் கிட்டார் வாசிப்பது சொந்தச் சரக்கு இல்லை. 1985இல் அந்த கேமுக்கு இசையமைத்த கோஜி கொண்டோ அந்தப் பாட்டைக் கட்டியது இரண்டு சதுர அலை, பாஸுக்கு (கீழ்ச்சுரத்துக்கு) ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு வெறும் இரைச்சல், கேம் பெட்டியின் ஒலிச் சிப் தந்த இவ்வளவை வைத்துத்தான். முக்கோண அலைக்குச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் வழியில்லை, இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. சின்ன வயதில் புறக்கோட்டை டீவி கேமில் தட்டித் தட்டி விளையாடிய எங்களுக்கு அந்த பாஸ் எலும்புக்குள் இருக்கிறது. கிட்டார் அதைத்தான் சுரம் மாறாமல் எடுக்கிறது. முழு ரீமிக்ஸிலும் ஒரிஜினலுக்கு மிக நெருக்கமான இடம் அதுதான் என்பேன். நாதசுரம் மெட்டை இழைத்து இழைத்து எங்கேயோ கொண்டுபோய்விட்டது, அழகுதான், ஆனால் சிப்பில் கமகம் (சுரத்தை அசைத்து இழைப்பது) கிடையாது.

பேஸ்_எங்கே:
எதில் கேட்டீர்கள் என்று ஒருவரும் சொல்லவில்லையே. பஸ்ஸில் இயர்போன் என்றால் கதை அங்கேயே முடிந்தது. எஞ்சின் உறுமல் கீழ்ச்சுரம் முழுவதையும் விழுங்கிவிடும், கசட் தம்பி சொல்கிற பாஸ் உங்களுக்குக் கேட்டிருக்கவே முடியாது, கிட்டாரின் மேல்பக்கக் கிறீச் மட்டும்தான் வந்திருக்கும். தங்கச்சி வீட்டில் பெரிய ஹெட்போனில் கேட்டிருப்பா.

ஆனால் மிக்ஸிலும் குறை இருக்கிறது. 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரைக்கும் கிட்டார் சுவர் மாதிரி நிற்கிறது, தவிலின் வலந்தலை வெடிக்கிறதும் அதே இடம். அதனால் கிட்டார் வந்ததும் தவில் செத்துவிட்டது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நிற்கவில்லை, கடைசிவரை வாசிக்கிறார்! கிட்டாரை இரண்டாகப் பிரித்து இடம் வலமாகத் தள்ளி, நடுவைத் தவிலுக்கு விட்டு, அந்த அலைவரிசையில் கொஞ்சம் குறைத்தாலே போதும். ஆளாளுக்கு வீட்டில் தனியாகப் பதியும்போது ஒவ்வொருவரும் தன்னுடையது முன்னால் கேட்கவேண்டும் என்றுதான் பதிவார்கள். கடைசியில் உட்கார்ந்து யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், இதில் அந்த ஆள் இல்லை.

கொச்சிக்கடை_அங்கிள்:
பிள்ளைகள், பைலாவையும் தமிழையும் கலந்தது என்னவோ புதினம் மாதிரிக் கதைக்கிறீர்கள். பொப் பாடகர் ஏ.ஈ. மனோகரன் காலத்தில் துள்ளிசை என்று இந்தக் கொழும்பே ஆடியது. பைலா என்பதே போர்த்துக்கேயரும் ஆபிரிக்காவில் இருந்து வந்தவர்களும் விட்டுப்போன தாளம், நம்ம ஊரில் எது கலக்காமல் இருந்தது? கிட்டார் எனக்கும் காதைக் குடைகிறது, அது வயது. நாதசுரக்காரப் பிள்ளை யார் என்று கேட்டுச் சொல்லுங்கள், மூச்சு அபாரம்.

காலிவீதி_பயணி:
இரவு தங்கச்சியின் ஹெட்போனை வாங்கிக் கேட்டேன் (சும்மா தரவில்லை, ஒரு கொத்துரொட்டி செலவு). பாஸ் கேட்கிறது, மூன்றும் நாலும் முட்டுகிற இடமும் பிடிபட்டது. கசட் அண்ணா சொன்னது சரி. ஆனாலும் கிட்டார் வருகிற அந்த முதல் செக்கன் எனக்கு இன்னும் ஒட்டவில்லை, நாதசுரம் ஒரு சுரத்தை இழுத்துக்கொண்டிருக்கும்போதே வெட்டியிருக்கிறார்கள்.

தக்கிட_தக்கிட:
எண்ணினேன், கிட்டார் மூன்றுதான். அப்படியென்றால் எனக்குக் கோபம் இன்னும் கூடுகிறது! பன்னிரண்டில் சந்திப்பதென்றால் தவிலுக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்குமா? நாதசுரத்தை முழு மூச்சும் ஊதவிட்டு, தவில் ஒரு தீர்மானம் (முடிப்புக் கோர்வை) வைத்து, அது விழும் சமத்தில் (தாளத்தின் முதல் அடியில்) கிட்டாரை இறக்கியிருந்தால் உங்கள் வீட்டில் சண்டையே வந்திருக்காது. அந்தப் பொடியங்களை யாருக்காவது தெரிந்தால் தவில் டிராக்கை மட்டும் தனியாகப் போடச் சொல்லுங்கள், கிட்டாருக்கு அடியில் என்னதான் வாசித்திருக்கிறார் என்று கேட்கவேண்டும்.

பேஸ்_எங்கே:
கிட்டார்காரர் என் நண்பனின் நண்பன். கேட்டுப் பார்க்கிறேன், கிடைத்தால் இங்கேயே போடுகிறேன்.