யூவி ஃப்ளாட்பெட் பிரிண்டருக்குத் தமிழ்ச்சொல்: ‘தட்டைப்படுக்கை’ ஏன் பொருந்தவில்லை

மதிப்பிற்குரிய அன்பர்களுக்கு வணக்கம்.

பலகையை மேடையில் கிடத்தி, நேரே அதன்மேல் புறஊதா ஒளியில் கெட்டிப்படும் மையால் அச்சிடும் பொறி யூவி ஃப்ளாட்பெட் பிரிண்டர். பெயர்ப்பலகைக் கடைகளில் இன்று பரவலாகப் புழங்கும் அதற்கு, நம் சொல்லாக்கக் குழுவில் நெல்லையிலிருந்து எழுதும் ஐயா அவர்கள் ‘தட்டைப்படுக்கைப் புறஊதா அச்சுப்பொறி’ என்ற சொல்லை முன்வைத்திருந்தார்கள். வழுவில்லாத சொல்தான், நீளத்தையும் நான் குறையாக எண்ணவில்லை. ஆனால் அந்தப் பொறியை வாங்கப் போகிறவர் எவற்றையெல்லாம் ஒப்பிட்டுப் பார்த்துப் பணத்தைக் கட்டுகிறாரோ, அவற்றில் ஒன்றைக்கூட அந்தச் சொல் காட்டிக்கொடுக்கவில்லை என்பதால் அதை ஏற்கத் தயங்குகிறேன்.

என் சித்தப்பா மகன் ஈரோட்டில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருக்கிறான். இத்தனை நாளும் வினைலில் அச்சிட்டு அதைப் பலகையில் ஒட்டிக் கொடுத்துவந்தவன், ஒட்டும் வேலையே இல்லாமல் நேரே பலகையின்மேல் அச்சிடும் பொறி ஒன்றை வாங்குவதென்று முடிவு செய்து, மூன்று இடங்களில் மாதிரி ஓட்டிக் காட்டச் சொன்னபோது என்னையும் உடன் அழைத்துப் போனான். கீழே எழுதுவதெல்லாம் அந்த மூன்று நாள்களில் கண்டும் கேட்டும் அறிந்தவற்றிலிருந்து வந்தது.

முதலில் ‘படுக்கை’. பழைய அச்சகங்களில் எழுத்துக் கோத்த சட்டத்தைத் தாங்கிய தளத்துக்கு ஆங்கிலத்தில் ‘பெட்’ என்ற பெயர் இருந்தது. ஃப்ளாட்பெட் என்பது அந்த வழியில் வந்த சொல். தமிழில் ‘படுக்கை’ என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது நூறு படுக்கைகள் கொண்ட அரசு மருத்துவமனைதான். ‘தட்டை’ என்பதும் எதையும் பிரித்துக் காட்டவில்லை. சுருளில் அச்சிடும் பொறியிலும் மை விழுகிற இடத்தில் ஃப்ளெக்ஸ் தட்டையாகத்தான் இருக்கிறது. வேறுபாடு என்னவென்றால், அங்கே உருளைகள் ஃப்ளெக்ஸை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. இங்கே பலகை மேடையைப் பற்றிக்கொண்டு அசையாமல் கிடக்க, மையைத் துளித்துளியாகத் தெளிக்கும் அச்சுத்தலையைச் சுமந்த பாலம் அதன் மேலாக ஊர்ந்து செல்கிறது. சில பொறிகளில் மேடையே நகரும். அப்போதும் பலகை மேடையை விட்டு இம்மியும் நகர்வதில்லை.

இந்த அசையாமை வெறும் விளக்கக் குறிப்பு இல்லை. காசு கொடுப்பதே அதற்காகத்தான். பொறியை இயக்கும் ஓட்டுநர் 3 மில்லிமீட்டர் ஏ.சி.பி. ஷீட்டை (இரு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த பலகை) மேடையின் ஓரத்திலிருந்த முளைகளோடு ஒட்ட வைத்து, துணியில் ஸ்பிரிட் நனைத்து ஒருமுறை துடைத்தார். மேடையிலுள்ள காற்றுத் துளைகளில் ஷீட் மூடாதவற்றின் மேல் பழைய ஃப்ளெக்ஸ் துண்டுகளைப் போட்டுவிட்டு, அத்துளைகள் வழியே காற்றை இழுக்கும் உறிஞ்சியை முடுக்கியதும், ‘உஸ்’ என்ற ஒலியோடு ஷீட் மேடையில் ஒட்டிக்கொண்டது. அதன்பின் முதலில் வெள்ளை, அதன்மேல் வண்ணம், தடிப்பு வேண்டிய எழுத்துகளின் மேல் மறுபடியும் மறுபடியும் மை என்று, எத்தனை முறை ஓட்டினாலும் மை அதே இடத்தில்தான் விழுகிறது. பார்வையற்றோர் தொட்டுப் படிக்கும் பிரெயில் புள்ளிகளைக்கூட இப்படி அடுக்கடுக்காக எழுப்ப முடிகிறது. பலகையை வார்ப்பட்டையில் வைத்து நகர்த்தும் ஹைப்ரிட் வகையில் சுருளும் ஓடும், பலகையும் ஓடும் என்பது வசதிதான். ஆனால் நீளமான பலகை போகப் போகச் சற்றே கோணிக்கொண்டால் இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கின்மேல் சரியாக உட்காராது.

ஆகவே என் பரிந்துரை ‘கிடைமேடை’. கிடந்தபடியே அச்சேறும் மேடை என்ற பொருளிலும், பள்ளிப் பாடத்தில் பழகிய ‘கிடைமட்டம்’ என்ற பொருளிலும் அது நிற்கும். ‘கிடை என்றால் ஆட்டுக்கிடை அல்லவா’ என்று ஓர் அன்பர் சென்ற முறையே கேலியாகக் கேட்டிருந்தார். இரவு முழுவதும் மந்தையை ஒரே வயலில் நகரவிடாமல் கிடத்துவதுதானே கிடை போடுவது, எனக்கு வேண்டியதும் அந்தப் பொருள்தான். சந்தையில் ஏ.சி.பி., ஃபோம் போர்டு, அக்ரிலிக் எதுவாயினும் பெரும்பாலும் 8 அடிக்கு 4 அடி ஷீட்டாகவே வருகிறது. கேனான் அரிசோனா வரிசையின் அடிப்படை மேடை 2.5 மீட்டருக்கு 1.25 மீட்டராகவும், மிமாக்கி ஜேஎஃப்எக்ஸ்200-2513 பொறியின் மேடை 2.5 மீட்டருக்கு 1.3 மீட்டராகவும் இருப்பது அந்த ஒரு ஷீட்டுக்கு இடம் தருவதற்கே. வாங்குபவரின் முதல் கேள்வியே மேடை எவ்வளவு என்பதாக இருக்கையில், பெயரிலும் மேடை இருப்பது நல்லதுதானே?

அடுத்தது மை. இதில்தான் நாம் எல்லோரும் வழுக்குகிறோம் என்று நினைக்கிறேன். மையை ஒளியால் கெட்டிப்படுத்தும் ‘யூவி க்யூரிங்’ என்பதற்கு நம் குழுவில் இதுவரை வந்த சொற்கள் ‘புறஊதா உலர்த்தல்’, ‘கதிர் உலர்த்தல்’, ‘பதப்படுத்தல்’ ஆகிய மூன்றும். பதப்படுத்தல் மீனுக்கும் தோலுக்கும் உரியது, அதை விட்டுவிடலாம். உலர்த்தல் என்பதோ நடப்பதற்கு நேர்மாறானது. சால்வென்ட் மையில் கரைப்பான் ஆவியாகிப் போக, நிறம் மட்டும் தங்குகிறது; அதை உலர்தல் என்பது முற்றும் பொருந்தும். யூவி மையில் ஆவியாகிப் போக ஏறக்குறைய எதுவும் இல்லை. அதிலுள்ள ஒளித்தூண்டிகள் ஒளி பட்ட கணத்தில் வினையைத் தொடங்கிவைக்க, சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே வலையாகி, நீர்மமாக விழுந்த மை அப்படியே திண்மமாக நின்றுவிடுகிறது.

இதைக் கண்ணால் பார்க்கவும் வாய்த்தது. இரண்டாம் இடத்தில், மை பற்றிக்கொள்வதற்கான முன்பூச்சு (பிரைமர்) எதுவும் பூசாத அக்ரிலிக் துண்டில் அச்சிட்டுக் கொடுத்தார்கள். தம்பி அதில் பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப்பை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுத்தான். மை பொடியாக உதிரவில்லை. ஆறிய பாலின் ஆடையைப் போல ஒரு விரற்கடை அகலத்துக்கு ஏடாகவே உரிந்து வந்தது. முன்பூச்சுப் பூசி அச்சிட்ட மற்றொரு துண்டில் கீறல்களின் ஓரம்கூடப் பெயரவில்லை. மை காய்ந்ததா என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை என்பதும், ஏடு பலகையைப் பற்றிக்கொண்டதா என்பதே கேள்வி என்பதும் அந்த ஒரு இழுப்பில் விளங்கிவிட்டது.

இன்னொரு செய்தியும் உண்டு. பளபளக்கும் கண்ணாடி அக்ரிலிக்கில் அச்சிடும்போது விளக்கொளி மேற்பரப்பில் பட்டுத் தெறித்து அச்சுத்தலையின் நுண்துளைகளை எட்டினால், துளைக்குள்ளேயே மை கெட்டிப்பட்டுவிடும். சால்வென்ட் மை காய்ந்து அடைத்தால் அதன் கரைப்பானையே விட்டுக் கழுவிப் பார்க்கலாம். யூவி மை ஒளிபட்டு அடைத்தபின் அதைக் கரைத்து மீட்பது பெரும்பாலும் நடவாத காரியம். தலை ஒன்றின் விலை நல்ல இருசக்கர வண்டி ஒன்றின் விலைக்குக் குறையாது என்னும்போது, ‘உலர்தல்’ என்று எழுதிய கையேட்டைப் படித்த ஓட்டுநர் கழுவிக்கொள்ளலாம் என்று எண்ணிவிடக் கூடாது. ‘உறைதல்’ என்ற சொல்லையும் எடைபோட்டுப் பார்த்தேன்; உறைந்த நெய் வெயிலில் மறுபடி உருகுகிறதே என்று விட்டுவிட்டேன். ‘இறுகல்’ பொருந்துகிறது. ஆகவே ‘ஒளியிறுகு மை’, ‘ஒளியிறுகல்’.

‘புறஊதா’வை விட்டுவிட்டு ‘ஒளி’ என்று பொதுவாகச் சொல்வதா என்று கேட்பீர்கள். யாழ்ப்பாணத்து அன்பர் தம் நாட்டுப் பாடநூல் வழக்காகிய ‘கழியூதா’வை நினைவூட்டியிருந்தார், சொல்லழகில் அது நம் ‘புறஊதா’வை வென்றுவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் விளக்குகள் மாறிவிட்டன. முன்பு இருந்தவை பாதரச ஆவி விளக்குகள். அவை சூடேற நேரம் பிடிக்கும், ஓசோன் வாடை வரும், வெப்பத்தில் மெல்லிய ஷீட் நெளியும். இப்போது வருபவை எல்.ஈ.டி. விளக்குகள், அவற்றின் அலைநீளம் 365, 385, 395, 405 நானோமீட்டர் என்று அமைகிறது. புறஊதாவின் எல்லை 400 நானோமீட்டர் என்று கொண்டால், 405-இல் எரியும் விளக்கு வெறும் ஊதா ஒளி. சொல் வன்பொருளோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பதால் ‘ஒளி’ என்கிறேன். விளக்கின் மேல் ஒட்டும் எச்சரிக்கையில் மட்டும் ‘புறஊதா’ அல்லது ‘கழியூதா’ கட்டாயம் இருக்கட்டும். அது கண்ணைக் காக்கும் சொல்.

விலைப்பட்டியலில் எல்லோரும் பெரிய எழுத்தில் அச்சிடுவது வேகத்தைத்தான். மணிக்கு 20 சதுர மீட்டர் என்று போட்டிருந்தால், ஒரு ஷீட் ஏறக்குறைய 3 சதுர மீட்டர் என்ற கணக்கில் ஏழு ஷீட்கூடத் தேறாது. ஏற்றி இறக்கும் நேரம் தனி. அடியில் வெள்ளை வேண்டுமென்றால் பெரும்பாலும் அதிலும் பாதி. தவிர, அந்த எண் எத்தனை ‘பாஸ்’ ஓட்டியது என்று கேட்காமல் அதற்குப் பொருளே இல்லை. அச்சுத்தலை ஒரே பட்டையை எத்தனை முறை கடந்து நிரப்புகிறது என்பதே பாஸ். இதற்கு ‘கடப்பு’, ‘ஓட்டம்’ என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். எனக்குத் தோன்றுவது ‘சால்’. வயலை இரண்டு சால் உழுதான், நாலு சால் உழுதான் என்கிறோமே, அதேதான் இங்கும்: ஏர் திரும்பித் திரும்பி வருவதுபோலத் தலை திரும்பி வருகிறது, சால் கூடினால் நிறம் சீராகப் பரவுகிறது, நேரம் கூடுகிறது, சாலுக்கும் சாலுக்கும் நடுவே இடைவெளி விழுந்தால் அச்சில் கோடு தெரிகிறது. ‘பேண்டிங்’ எனப்படும் அந்தக் குறைக்குச் ‘சால்கோடு’ என்பதைவிட நேரான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ‘இது நாலு சால் வேகமா, எட்டுச் சால் வேகமா’ என்று விற்பனையாளரிடம் கேட்டுப் பாருங்கள். விளக்கம் சொல்லாமலே புரிந்துகொள்வார். நாங்கள் கேட்டோம், புரிந்துகொண்டார்.

மூன்றாம் இடத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்; யார் என்பது வேண்டாம். ஓரம் நெளிந்திருந்த ஃபோம் போர்டை அவசரத்தில் அப்படியே மேடையில் போட்டார்கள். அந்த மூலையில் உறிஞ்சி பிடிக்கவில்லை. தலையின் வழியில் ஏதேனும் குறுக்கிட்டால் பொறியை நிறுத்த வேண்டிய தடை உணரியும் நிறுத்தவில்லை. மூலை எழும்பித் தலையின் அடியில் உராய்ந்தது. அச்சுத்தலையின் துளைகள் எல்லாம் மை விடுகின்றனவா என்று பார்க்கப் பின்னர் எடுத்த சோதனைத் தாளில் கருப்புக் கோடுகளில் ஒரு பகுதியே காணாமற் போயிருந்தது. ‘ஹெட் ஸ்ட்ரைக்’ என்று ஓட்டுநர் மெல்லச் சொன்னார். இதற்குத் ‘தலையுரசல்’ என்பதை வைக்கிறேன்; ‘தலைமோதல்’ என்றால் இரண்டு தலைகள் மோதிக்கொண்டது போல ஆகிவிடுகிறது.

ஆக, முழுப்பெயர் ‘ஒளியிறுகு கிடைமேடை அச்சுப்பொறி’. சுருளில் அச்சிடுவது ‘ஒளியிறுகு சுருள் அச்சுப்பொறி’. கடைக்குள் இவ்வளவு நீளமாக யாரும் அழைக்கப் போவதில்லை என்பது தெரிந்ததே. பொறி வந்து இறங்கிய மறுவாரம் தம்பியின் கடைக்குப் போயிருந்தபோது, வேலைப் பதிவேட்டில் ஓட்டுநர் ‘சுருள்: 2’, ‘மேடை: 6 ஷீட், 8 சால்’ என்று தம் கைப்பட எழுதிவைத்திருந்தார்.

ஹைப்ரிடுக்கு மட்டும் எனக்கு இன்னும் சொல் அமையவில்லை. ‘இருமுறை’ என்றால் இரண்டு தடவை அச்சிடுவதாகப் படுகிறது; ‘கலப்பு’ என்றால் மையைக் கலப்பதாகப் படுகிறது. வார்ப்பட்டை ஓடுவதால் ‘ஓடுமேடை’ எனலாமா என்று நெல்லை ஐயா அவர்களும் யாழ்ப்பாணத்து அன்பரும் பார்த்துச் சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்