21.9-லிருந்து 5: வறுமை இறங்கியதா, கேள்வி மாறியதா?

வைகைக்கரை:
திட்டக் குழு டெண்டுல்கர் கோட்டை (டெண்டுல்கர் குழு வகுத்த வறுமைக் கோட்டை) வைத்துச் சொன்னபடி 2011-12-இல் இந்தியாவில் ஏழைகள் 21.9 சதவீதம். 2022-23 நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு வந்ததும், 5-க்கும் கீழே போயிருக்கலாம் என்றார் நிதி ஆயோக் தலைமைச் செயல் அதிகாரி. இன்னும் எதற்கு ஒப்பாரி?

கணக்குப்பிள்ளை:
ஒப்பாரி இல்லை ஐயா, ஒப்பீடு தவறு என்கிறேன். அந்த 21.9-க்கு முட்டை, காய்கறி போன்ற உணவுக்கெல்லாம் கடந்த 30 நாள் செலவைக் கேட்டார்கள். 2022-23-இல் அவற்றுக்கு 7 நாள். நாள் குறைந்தால் நினைவு கூடும், செலவு கூடும், ஏழை குறைவான். ஒப்பிடுவது சிரமம் என்று உலக வங்கிக் குறிப்பிலேயே இருக்கிறது. அந்த வரியை மட்டும் யாரும் பகிர்வதில்லை.

தெற்குத்தெரு:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இப்படி ஒரு கணக்கெடுப்புக்கு வீடு வீடாகப் போனவன் நான். மாதத்துக்கு எத்தனை முட்டை என்றதற்கு, "பத்து இருக்கும் தம்பி" என்றார் ஓர் அம்மா. இந்த வாரம் என்றதும் விரல்விட்டு எண்ணினார்: திங்கள் இரண்டு, பேரனுக்குக் காய்ச்சல் விட்டதென்று புதன் இரண்டு, ஞாயிறு நான்கு. வாரத்துக்கே எட்டு!

வைகைக்கரை:
அப்படியானால் பழைய கேள்விதான் வறுமையை ஊதிக் காட்டியது. இன்னொன்று: 2011-12-இலேயே 7 நாள் கேள்வியையும் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். அதோடு ஒப்பிட்டாலும் கிராமத்துச் செலவில் சாப்பாட்டின் பங்கு 53 சதவீதத்திலிருந்து 46 ஆகியிருக்கிறது. கையில் காசு கூடினால்தான் அந்தப் பங்கு குறையும். இதுவும் கேள்வியின் மாயமா?

கணக்குப்பிள்ளை:
இல்லை. இறக்கம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு இறக்கம் என்பதுதான் வழக்கு. முட்டைக் கணக்கைத் திருத்தினால் 21.9-ஐயும் திருத்த வேண்டும். அதுவும் கீழே வந்துவிடும். வறுமைக் கோட்டை மறுபடி பார்க்க அமைத்த ரங்கராஜன் குழு நாணயமாக நடந்துகொண்டது. அந்த 7 நாள் கேள்வியை எடுத்துக்கொண்டு, கோட்டையும் உயர்த்தியது: நகரத்தில் ஒருவருக்கு மாதம் 1,000 ரூபாய் என்றிருந்ததை 1,407 ஆக்கியது. அதே 2011-12-க்கு 29.5 சதவீதம் வந்தது. 2014-இல் கொடுத்த அந்த அறிக்கையை அரசு ஏற்கவில்லை. வேறு கோடும் போடவில்லை.

வைகைக்கரை:
1,407-ஐ விலைவாசிக்கேற்ப ஏற்றிப் பாருங்கள், அதிலும் இறங்கித்தான் இருக்கும்.

தெற்குத்தெரு:
அந்த அம்மா வீட்டில் அரிசி ரேஷன், இலவசம். அதற்கு விலை போட்டு ஒரு சராசரிச் செலவு, போடாமல் ஒரு சராசரிச் செலவு என்று 2022-23 அறிக்கை இரண்டையும் தருகிறது. நீங்கள் இருவரும் எதை வைத்துப் பேசுகிறீர்கள்?