ஆத்தங்குடியில் எடுத்த படம் காரைக்குடியில் நிற்கிறது – ஜிபிஎஸ் உதவி, அவசரம்

கோட்டையூர்_குமரன்
வணக்கம். படங்களுக்கு ஜிபிஎஸ் இடம் ஏற்றினேன், எல்லாம் தப்பான இடத்தில் விழுகிறது. ஆத்தங்குடி தரைக்கல் பட்டறையில் எடுத்தவை காரைக்குடியில் நிற்கின்றன. கானாடுகாத்தான் வீடுகள் ஆத்தங்குடிக்குப் போய்விட்டன. சாயங்காலம் எடுத்தவற்றுக்கு இடமே ஏறவில்லை. அடுத்த வாரம் முன்னோருக்குப் போடும் படைப்புக்குப் பங்காளிகள் வருகிறார்கள். அதற்குள் எந்த வீடு எங்கே என்று வரைபடத்தில் காட்டியாக வேண்டும். சீக்கிரம் யாராவது சொல்லுங்கள்.

புகைப்படப்_பித்தன்
என்ன கேமரா? என்ன மென்பொருள்? இடம் எதிலிருந்து வந்தது, போன் பதிவா, தனிக் கருவியா?

மாணிக்கம்_டெக்
இது 5:30 பிரச்சினை. கேமரா பெயர்கூட வேண்டாம். ஜிபிஎஸ் பதிவு யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும், கேமரா நம் நேரத்தில் இருக்கும். 5:30 வித்தியாசம் கொடுங்கள், முடிந்தது வேலை.

சீமைக்காரன்
அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். என் அண்ணன் பையனுக்கு இப்படித்தான் ஆனது.

எக்ஸிஃப்_ஏகாம்பரம்
'கேட்பதற்கு முன் படிக்க' என்று மேலே ஒட்டி வைத்திருப்பது அலங்காரத்துக்கு இல்லை. அதை யாரும் படிப்பதில்லை, பதில் சொல்ல மட்டும் வரிசையில் நிற்கிறார்கள்.

சீமைக்காரரே, காரைக்குடி ஏறத்தாழ 10.07 வடக்கு, 78.78 கிழக்கு. இரண்டையும் மாற்றிப் போட்டால் வட துருவத்துப் பக்கம் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவை ஒட்டிய கடலில் போய் விழும். கிழக்கு என்ற குறி மேற்காகிவிட்டால் பனாமாவுக்கு வடக்கே கரீபியன் கடல். இவர் படங்கள் அன்று இவர் போன ஊர்களுக்குள்ளேயே இடம் மாறிக்கொண்டிருக்கின்றன. எண்களில் கோளாறு இல்லை, நேரத்தில்தான் கோளாறு. இதைக்கூட நான்தான் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

கோட்டையூர்_குமரன்
நிக்கான் டி90. போனில் பாதையைப் பதிவு செய்து ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்தேன். இடம் ஏற்றியது எக்ஸிஃப்டூல் மென்பொருளில். நண்பர் எழுதிக் கொடுத்த கட்டளையை அப்படியே ஓட்டினேன்.

மாணிக்கம் அண்ணே சொன்னபடி 5:30 கழித்துப் பார்த்தேன். இப்போது ஆத்தங்குடிப் படங்கள் கானாடுகாத்தானுக்கு வந்துவிட்டன. கானாடுகாத்தான் படங்கள் அசையாமல் ஆத்தங்குடியிலேயே இருக்கின்றன!

மாணிக்கம்_டெக்
கூட்டிப் பாருங்கள். கழித்தல் தப்பாக இருக்கும்.

சீமைக்காரன்
இதற்கெல்லாம் மண்டையை உடைக்க வேண்டாம். டி90-க்கு ஜிபி-1 என்று நிக்கானே ஒரு ஜிபிஎஸ் துண்டு விற்றது. மேலே மாட்டிவிட்டால் எடுக்கும்போதே இடம் ஏறிவிடும்.

புகைப்படப்_பித்தன்
எடுத்து முடித்த படத்துக்கு இனிமேல் அதை எப்படி மாட்டுவது?

குமரன், கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். கானாடுகாத்தான் படங்கள் ஏன் அசையவில்லை என்றால், பதிவில் பொருந்தும் நேரம் கிடைக்காத படத்தை எக்ஸிஃப்டூல் எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடும். முந்தின தடவை ஏறிய தப்பான இடம் உள்ளேயே தங்கிவிடும். இதைப் பார்த்து இன்னொரு புதிய பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

எனக்கு இரண்டு விவரம் வேண்டும். போன் பதிவு எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது? எந்த ஊரில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை இருந்தீர்கள்? கேமரா சொல்வதை எழுத வேண்டாம், உங்கள் நினைவிலிருந்து எழுதுங்கள்.

கோட்டையூர்_குமரன்
பதிவு காலை 8 முதல் மாலை 5:30 வரை. கானாடுகாத்தான் எட்டரையிலிருந்து பத்து. ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து வண்ணச் சிமெண்டு ஊற்றுவதிலிருந்து, கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குவது வரை ஒன்று விடாமல் எடுத்தேன், அதனால் பதினொன்றிலிருந்து பன்னிரண்டரை வரை அங்கேதான். மதியம் காரைக்குடியில் சாப்பாடு, மூன்று மணிவரை அங்கே. அப்புறம் பள்ளத்தூர்.

புகைப்படப்_பித்தன்
இதை முதலிலேயே எழுதியிருந்தால் இத்தனை பேர் சோதிடம் பார்த்திருக்க வேண்டாம்.

கானாடுகாத்தானில் எட்டரை முதல் பத்து வரை எடுத்தவை, நீங்கள் பதினொன்று முதல் பன்னிரண்டரை வரை இருந்த இடத்தில் விழுகின்றன. இரண்டரை மணி நேரம். ஆத்தங்குடிக்கும் அதே இரண்டரையைக் கூட்டுங்கள், ஒன்றரை முதல் மூன்று, காரைக்குடிச் சாப்பாட்டு நேரம். சாயங்காலப் படங்களில் கேமரா ஆறு, ஏழு, எட்டு என்று எழுதியிருக்கும். பதிவோ ஐந்தரைக்கே முடிந்துவிட்டது. எக்ஸிஃப்டூல் தானாக அரை மணி நேரம் வரைதான் பொறுக்கும், அதற்கு மேல் விலகினால் இடம் தராது. மூன்று அறிகுறியும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. உங்கள் கேமரா கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது.

உறுதி செய்ய ஒரு வேலை. போனில் நொடி தெரிகிற கடிகாரத்தைத் திறந்து, அதை டி90-ல் ஒரு படம் எடுங்கள். படத்துக்குள் தெரியும் நேரத்துக்கும் கோப்பில் பதிந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்களுக்கு வேண்டிய எண். கேமரா கடிகாரத்தில் இதுவரை கை வைத்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். படம் எடுத்த பிறகு மாற்றுங்கள்.

வள்ளி_தேவகோட்டை
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். குமரன் தம்பி, இந்தப் படங்களை இடத்தோடு எங்கேயும் பொதுவில் போடப் போகிறீர்களா? எங்கள் வீடு வருடத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கிறது. பங்காளிகள் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். முகப்புத் தூணும் நிலைக்கதவும் எங்கே இருக்கின்றன என்று புள்ளி வைத்துக் காட்டினால் யார் யார் பார்ப்பார்களோ.

மாணிக்கம்_டெக்
ஆச்சி, தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும் வீட்டைக் கண்டுபிடிக்கப் படத்துக்குள் பதியும் எக்ஸிஃப் தகவல் எதற்கு? பஸ்ஸை விட்டு இறங்கிக் கேட்டால் டீக்கடையில் சொல்லிவிடுவார்கள். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு எல்லா வரைபடத்திலும் இருக்கிறது.

வள்ளி_தேவகோட்டை
டீக்கடையில் கேட்கிறவன் முகத்தை நாலு பேர் பார்ப்பார்கள். வரைபடத்தைப் பார்க்கிறவன் முகத்தை யார் பார்ப்பது?

சீமைக்காரன்
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் குவிந்து கிடக்கும் கதவும் தூணும் திருடனா கொண்டுவந்து போட்டான்? பங்கு பிரிக்க முடியாமல் சொந்தக்காரர்களே வீட்டைப் பிரித்து விற்றவைதான் பாதிக்கு மேல். எங்கே என்ன இருந்தது என்று பதிவாவது மிஞ்சட்டும். செட்டிநாட்டு ஊர்கள் 2014-லேயே யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் ஏறிவிட்டன, நாம் இன்னும் ஒளித்து வைக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

வள்ளி_தேவகோட்டை
விற்றவர்களைப் பற்றி நான் பேசவில்லை. விற்காமல் வெள்ளையடித்து வைத்திருக்கிறவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

எக்ஸிஃப்_ஏகாம்பரம்
இரண்டு பக்கமும் பாதி தெரிந்துகொண்டு பேசுகிறீர்கள். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் தகவல் போய்விடும், இடமும் சேர்ந்து போய்விடும். அதே படத்தை டாக்குமெண்டாக அனுப்பினால் ஒன்றும் போகாது, வீட்டு வாசல் வரை எண் இருக்கும். பங்காளிகள் குழுவில் 'தெளிவாக இல்லை, டாக்குமெண்டாகப் போடு' என்று கேட்கிற மாமா ஒருவர் எப்போதும் இருப்பார். அங்கேதான் வெளியே போகும். ஆகவே மூலப் படத்தில் இடம் இருக்கட்டும், வெளியே கொடுக்கும் பிரதியில் நீக்குங்கள். எக்ஸிஃப்டூலில் ஜிபிஎஸ் குறிப்புகளை மட்டும் காலி செய்ய ஒரே வரி போதும்.

வள்ளி_தேவகோட்டை
இது ஏற்கிற மாதிரி இருக்கிறது. இதைக் கொஞ்சம் அன்பாகவே சொல்லியிருக்கலாம்.

கோட்டையூர்_குமரன்
எடுத்துப் பார்த்துவிட்டேன். 2 மணி 30 நிமிடம், அதற்கு மேல் 40 நொடி முன்னால். கேமரா சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா அனுப்பியது. ஆச்சி, பொதுவில் போடவில்லை, பங்காளிகளுக்கு மட்டும்தான்.

மாணிக்கம்_டெக்
சிங்கப்பூர் நேரம்! நேர மண்டலப் பிரச்சினை என்று முதலிலேயே சொன்னேனா இல்லையா?

எக்ஸிஃப்_ஏகாம்பரம்
நீங்கள் சொன்னது 5:30. சிங்கப்பூர் யூடிசியிலிருந்து 8 மணி, நாம் 5:30, வித்தியாசம் 2:30. மருந்துக் கடை என்று சொல்லிவிட்டு மருந்தின் பெயரை மாற்றிச் சொல்வதற்குப் பெயர் வைத்தியம் இல்லை.

குமரன், புதிய கேமராக்கள் நேரத்தோடு மண்டலத்தையும் எழுதுகின்றன. அதற்கான இடமே 2016-ல் எக்ஸிஃப் 2.31 வந்தபோதுதான் வந்தது. டி90 2008-ல் வந்த கேமரா, அதில் அந்த இடமே இல்லை. மண்டலம் எழுதாத படத்தை எக்ஸிஃப்டூல் உங்கள் கணினியின் மண்டலமாகவே எடுத்துக்கொள்ளும். கணினி இந்திய நேரத்தில் இருப்பதால் சிங்கப்பூர் மணியை நம் மணியாகப் படித்துவிட்டது. ஜிபிஎக்ஸின் யூடிசி கணக்கை அது தானே சரியாகப் பார்த்துக்கொண்டது, அதனால்தான் 5:30 உதவவில்லை.

புகைப்படப்_பித்தன்
செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் எல்லாப் படங்களிலும் ஜிபிஎஸ் குறிப்புகளைத் துடைத்துவிடுங்கள், பழையது ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது. அப்புறம் நேரத்தைத் திருத்தும் ஜியோசிங்க் விருப்பத்தில் மைனஸ் 2:30:40 கொடுத்து ஜிபிஎக்ஸை மறுபடி ஏற்றுங்கள். கேமரா முன்னால் ஓடினால் மைனஸ், பின்தங்கினால் பிளஸ். நீங்களாக வேண்டாம் என்று சொல்லாதவரை மூலக் கோப்புகளின் பிரதியை எக்ஸிஃப்டூல் பக்கத்திலேயே வைத்திருக்கும், பயப்பட வேண்டாம். எல்லாம் முடிந்த பிறகு கேமரா மெனுவில் உலக நேரத்துக்குப் போய் மண்டலத்தை நம் நாட்டுக்கு மாற்றுங்கள், மிச்சமுள்ள 40 நொடியையும் அப்போதே சரி செய்துகொள்ளுங்கள்.

சீமைக்காரன்
படம் எடுத்த நேரத்தையே இரண்டரை மணி பின்னால் நகர்த்திவிட்டால் சுலபம் இல்லையா? வரிசையும் சரியாகும்.

புகைப்படப்_பித்தன்
செய்யலாம். ஆனால் இரண்டையும் சேர்த்துச் செய்தால் இரண்டு தடவை கழிந்துவிடும். ஏதாவது ஒன்று.

கோட்டையூர்_குமரன்
சரியாகிவிட்டது, எல்லோருக்கும் நன்றி. கானாடுகாத்தானில் கடைசி வீட்டுப் படங்கள் மட்டும் ஒரு கண்மாய் நடுவில் நிற்கின்றன. வேலை இருக்கிறது, அப்புறம் வருகிறேன்.

புகைப்படப்_பித்தன்
அந்த நேரத்தில் பதிவில் இடைவெளி இருக்கிறதா பாருங்கள். போன் பையில் தூங்கியிருக்கும், பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பதிவுச் செயலியை நிறுத்தியிருக்கும். வீட்டுக்குள் ஒரு புள்ளி, ஆத்தங்குடிச் சாலையில் அடுத்த புள்ளி என்றால், எக்ஸிஃப்டூல் இரண்டுக்கும் நடுவே நேர்கோடு போட்டு நேரத்துக்கு ஏற்ற இடத்தில் படத்தை வைக்கும். கோடு கண்மாய் வழியாகப் போனால் படமும் அங்கேதான்.

இடைவெளி இல்லையென்றால் வேறு காரணம். அந்தக் கனத்த சுவருக்கும் தேக்குக் கூரைக்கும் அடியில் சிக்னல் தடுமாறும். வளவு முற்றத்தில் வானம் தெரியும், அங்கே ஓரளவு சரியாக வரும். கூரைக்கு அடியில் இருக்கும் பட்டாலையில் எடுத்ததை அவ்வளவு நம்ப முடியாது. ஆனால் அப்போது பக்கத்து வீட்டுக்கோ அடுத்த தெருவுக்கோ விலகுமே தவிர, கண்மாய் வரை போவது கஷ்டம். எந்த நேரத்துப் படங்கள் என்று சொன்னால் பார்க்கலாம்.

புகைப்படப்_பித்தன்
குமரன்?

வள்ளி_தேவகோட்டை
படைப்பு வேலையில் இருப்பார், விடுங்கள். ஏகாம்பரம் ஐயா, என் மகன் போனில் எடுக்கும் படங்களில் இடம் பதியாமல் செய்ய எங்கே போக வேண்டும்?

எக்ஸிஃப்_ஏகாம்பரம்
எந்தப் போன் என்று எழுதவில்லை. ஆண்ட்ராய்டு என்றால் பெரும்பாலும் கேமரா செயலியைத் திறந்து, அதன் அமைப்புகளில் இடம் என்று இருப்பதை அணைக்க வேண்டும். ஐபோன் என்றால் பொது அமைப்புகளில் தனியுரிமை, அதில் இருப்பிடச் சேவைகள், அதில் கேமரா, 'ஒருபோதும் வேண்டாம்'. ஏற்கெனவே எடுத்த படங்களுக்கு இது பொருந்தாது, அவற்றைத் தனியாகத் துடைக்க வேண்டும்.

சீமைக்காரன்
குமரன் திரும்பி வந்தால், அந்தக் கண்மாய்ப் படங்களுக்கு இவ்வளவு ஆராய்ச்சி வேண்டாம். படங்களை நிர்வகிக்கும் டிஜிகேம் மென்பொருளில் வரைபடத்தைத் திறந்து, படங்களைப் பிடித்து இழுத்து வீட்டின் மேல் போடச் சொல்லுங்கள். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் இருக்கும், எந்தப் பக்கம் நின்று எடுத்தது என்று பார்த்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.