புதுப்பிப்பு: தாத்தாவின் பர்மா ஸ்டார் பதக்கமும் இழைப்புளியில் இருந்த எண்ணும்

தச்சராக வாழ்ந்து மறைந்த என் தாத்தா இரண்டாம் உலகப் போரில் எந்தப் படைப்பிரிவில் இருந்தார் என்று, ஆறு முனை வெண்கல நட்சத்திரம் ஒன்றின் படத்தை இட்டு இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி. நாடாவின் நிறங்களைக் கொண்டு அது பர்மா ஸ்டார் (அப்போரில் பர்மா போர்முனையில் பணியாற்றியவர்களுக்குத் தரப்பட்ட பதக்கம்) என்பது முன்பே உறுதியாகியிருந்தது.

பலன் தந்தது, பதக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள் என்ற யோசனையே. பிரிட்டிஷ் வீரர்களுக்குப் பெயரில்லாமல் வழங்கப்பட்ட இந்த நட்சத்திரம், இந்தியப் படையினருக்குப் பெயர் பொறித்தே தரப்பட்டது என்பதை நான் அறிந்திருக்கவில்லை. உலர்ந்த துணியால் துடைத்தபோது (புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும்) அவரது படை எண்ணும் பெயரும் 'சாப்பர்' (படைப் பொறியியல் பிரிவின் வீரர்) என்பதன் சுருக்கமும் தெரிந்தன. அந்த எண்ணைக் குறிப்பிட்டு பெங்களூரிலுள்ள மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படைப்பிரிவின் ஆவணப் பிரிவுக்கு எழுதியதில், அவர் அந்தப் படைப்பிரிவில் பணியாற்றியது உறுதியானது.

எதிர்பாராதது ஒன்று: அவர் படையில் சேர்ந்ததே தச்சராகத்தான். விலை என்று நாங்கள் நினைத்திருந்த, இழைப்புளியின் பக்கவாட்டில் அவர் செதுக்கியிருந்த எண்ணும் அதே எண்தான்.