சென்சிடைசேஷன்: என்ன சொல் போடலாம்?

அன்பர்களே,
செவிலியர் பாடநூலின் ஒவ்வாமை இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சென்சிடைசேஷனுக்கு வரைவில் 'ஒவ்வாமையாதல்' என்றிருக்கிறது, அது தவறு. ஒவ்வாப்பொருள் முதல்முறை உள்ளே போகையில் அறிகுறி எதுவும் தெரியாது. டி உதவிச் செல்கள் எனும் வெள்ளணுக்கள் இன்டர்லூக்கின் 4 என்ற செய்திப் புரதத்தைச் சுரக்க, பி செல்கள் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைச் செய்யத் தொடங்கும். அது திசுக்களில் ஹிஸ்டமின் என்ற அழற்சிப் பொருளைத் தேக்கிவைத்திருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் ஒட்டிக்கொண்டு கிடக்கும். இந்த முதற்கட்டம்தான் சென்சிடைசேஷன். அதே பொருள் மறுபடி வந்து அருகருகே உள்ள இரண்டு ஐஜிஇக்களைப் பிணைத்தால்தான் ஹிஸ்டமின் கொட்டும், சில நிமிடங்களில் தோல் தடிக்கும். முதற்கட்டத்தோடு நின்றுவிடுபவர்களும் உண்டு. ஓர் உணவுக்குத் தோல் குத்துச் சோதனையில் தடிப்பு வரும், அந்த உணவையே தொல்லையின்றி உண்பார்கள். அவர்களை ஒவ்வாமைக்காரர் என்று எழுதிவைத்தால் வீணாக உணவு நின்றுபோகும்.

> ஒவ்வாமையாதல்

ஐயா, 'உணர்வூட்டல்' போதுமே? மாணவர்க்குப் புரியும்.

> உணர்வூட்டல்

மேடைப்பேச்சுச் சொல் அது. 'ஒவ்வு'க்கே வருவோம். ஒத்தல், ஒப்பு, ஒவ்வாமை எல்லாம் 'ஒ' அடியில் பிறந்தவை. குறள் 972இல் 'சிறப்பொவ்வா' என்றால் சமமாகாது என்று பொருள். உடலுக்கு இணங்காமை என்பது பின்னால் ஏறிய பொருள். ஆஸ்திரிய மருத்துவர் பிர்கே 1906இல் அலர்ஜி என்று பெயரிட்டபோதும் 'மாறிய வினை' என்றே கருதினார், நோயெதிர்ப்பையும் அதில் அடக்கினார். ஆகவே 'வினைமாற்றம்'.

> வினைமாற்றம்

வேதியியலார் சண்டைக்கு வருவார்கள் ஐயா. என் பரிந்துரை 'முனைப்பேற்றம்'. மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொடுத்துப் பழக்குவதற்கு 'முனைப்பிறக்கம்' என்று இணைச்சொல்லும் கிடைக்கிறது.

'ஐஜிஇயேற்றம்' என்று நேரடியாகவே சொன்னால் என்ன?

கூடாது அம்மா. நோயெதிர்ப்பியலாளர்கள் கெல், கூம்ப்ஸ் இருவரும் 1963இல் வகுத்த நான்கு ஒவ்வாமை வகைகளில் ஐஜிஇக்கு வேலை முதல் வகையில்தான். நிக்கல் பட்டுத் தோல் அரிப்பது நான்காம் வகை: டி செல்களின் வேலை, 48 முதல் 72 மணி நேரத்தில் உச்சம். அங்கும் அறிகுறியில்லாத முதற்கட்டம் உண்டு. சொல் இரண்டுக்கும் பொருந்த வேண்டும்.

அப்படியானால் முனைப்பேற்றம். நால்வர் ஒப்பியாயிற்று; முதலில் வரும் இடத்தில் 'சென்சிடைசேஷன் எனப்படும் முனைப்பேற்றம்' என்று எழுதிவிடுகிறேன்.

ஏற்றத்தை ஏற்கிறேன், இறக்கத்தை அல்ல. பென்சிலினுக்குப் பழக்கப்பட்டவர் மருந்தை நிறுத்திச் சில நாளானால் பழைய ஆபத்து திரும்பிவிடும். அடுத்த முறை மறுபடி நுண்ணளவிலிருந்தே தொடங்க வேண்டும். 'முனைப்பிறக்கம்' என்று படிக்கும் செவிலியர், ஒரேயடியாக இறங்கிவிட்டது என்று நம்பி முழு அளவு ஊசியைப் போட்டுவிடக்கூடும். அங்கே 'தற்காலிகத் தணிப்பு' என்றே இருக்கட்டும்.