வயிற்று மாத்திரையும் நெஞ்சுப் படபடப்பும்

அம்மாவுக்கு 68 வயது. நெஞ்செரிச்சலுக்கு ஓமெப்ரசோல், பசியாறுவதற்கு அரை மணி நேரம் முன்னால் ஒன்று. எட்டு வாரத்துக்குத்தான் எழுதிக் கொடுத்தார்கள். நாங்கள் தீரத் தீர வாங்கி மூன்று வருடம் ஓட்டிவிட்டோம்.

முதலில் வந்தது ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பு. வயசாகிவிட்டது என்று தைலம் தேய்த்துவிட்டேன். அப்புறம் விரல் நுனி மதமதப்பு. ஒரு நாள் தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்த அம்மா, என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்தார். நான்கு துடிப்பு சரியாக வரும், ஒன்று தவறும், அடுத்தது தடாலென்று இடிக்கும். உடனே ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழைத்தேன்.

மாரடைப்பு இல்லை. ரத்தத்தில் மெக்னீசியம் மிகக் குறைவு, பொட்டாசியமும் இறங்கியிருந்தது. இந்த வகை மாத்திரையை ஒரு வருடத்துக்கு மேல் எடுக்கும் சிலருக்குக் குடல் மெக்னீசியத்தைச் சரியாக உறிஞ்சாதாம். அது குறைந்தால் சிறுநீரில் பொட்டாசியமும் போய்விடும். இதயம் சீராகத் துடிக்க இரண்டும் வேண்டும். ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்ட நீர் மாத்திரையும் தன் பங்குக்கு இழப்பைக் கூட்டியிருந்தது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை 2011-லேயே எச்சரித்திருக்கிறது. அவர்கள் ஆராய்ந்தவர்களில் சுமார் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் கொடுத்தும் போதாமல் மாத்திரையையே நிறுத்த வேண்டியிருந்ததாம்.

அம்மாவுக்கு நரம்பு வழியே மெக்னீசியம் ஏற்றி, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் வேறு வகை மாத்திரையான ஃபமோடிடினுக்கு மாற்றினார்கள். சில நாள் நெஞ்செரிச்சல் முன்னைவிட அதிகமாக இருந்தது, பிறகு அடங்கியது. படபடப்பு திரும்ப வரவில்லை.

என்னை இன்னும் வருத்துவது ஒன்றுதான். பலதுறை மருந்தகத்தில் ஒவ்வொரு முறையும் "வேறென்ன மருந்து சாப்பிடுகிறார்?" என்று கேட்டார்கள். வயிற்று மாத்திரையை ஒருமுறைகூட நான் சொன்னதில்லை.

*

அக்கா, என் அப்பாவுக்கும் ஓமெப்ரசோல்தான், ஆனால் சிக்கல் வேறு. இதயக் குழாய் அடைக்காமலிருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்த பிறகு, ரத்தம் உறையாமலிருக்க குளோபிடோக்ரெல் கொடுத்தார்கள். கல்லீரலில் ஒரு நொதி மாற்றிக் கொடுத்தால்தான் அது வேலை செய்யும். ஓமெப்ரசோல் அந்த நொதியைத் தடுக்கும். வீட்டில் மிச்சமிருந்த ஓமெப்ரசோல் அட்டையை அப்பா தானாகவே சேர்த்துச் சாப்பிட்டிருக்கிறார். மருந்தாளர் பையில் இருந்ததையெல்லாம் மேசையில் எடுத்து வைக்கச் சொன்னதால் பிடிபட்டது. டாக்டரிடம் பேசி, அந்த நொதியை அவ்வளவாகத் தடுக்காத பான்டொப்ரசோலுக்கு மாற்றினார். வயிற்றில் ரத்தம் கசியாமலிருக்க அப்பாவுக்கு ஒரு வயிற்று மாத்திரை கட்டாயம் வேண்டும், அதனால் யாரும் இதைப் படித்துவிட்டுத் தானாக நிறுத்திவிடாதீர்கள். இப்போது மருத்துவரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் எல்லா அட்டையும் ஒரே பையில் எங்களோடு வருகின்றன.