ராஜபாளையம் நாய் பிஸ்கட் தின்னுமா?

தக்கலைக்காரன்:
நேற்று ஒரு தம்பி இங்கே எழுதியிருந்தார்: "நாலு கேமரா மாட்டுங்க, நாயை யாருக்காவது கொடுத்துடுங்க, திருடன் ஒரு பிஸ்கட் போட்டா நாய் வாலாட்டிடும்." வாசித்ததில் இருந்து எரிச்சல். எங்கள் ராஜபாளையம் என் மச்சினன் சோறு வைத்தாலே திரும்பிப் பார்க்காது. முன்பின் தெரியாதவன் போடுகிற பிஸ்கட்டைத் தின்னுமாம்!

கருங்கல் கேமராக்காரன்:
எழுதினது நான்தான் அண்ணாச்சி. கேமரா மாட்டுவது என் தொழில். களவு போன வீட்டுக்கெல்லாம் அப்புறம் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாதி வீட்டில் நாய் உண்டு.

தக்கலைக்காரன்:
ஓ, வியாபாரமா! அதானே பார்த்தேன். ரப்பர் தோட்டத்து நடுவில் இருக்கிற வீட்டில் உங்கள் கேமரா என்ன கிழிக்கும்? விடியுமுன் ஹெட்லைட் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போகிற ஒவ்வொருத்தனுக்கும் போன் அலறும், நாலு நாளில் நீங்களே சத்தத்தை அணைத்து வைப்பீர்கள். வந்தவன் கேமரா படம் பதிவாகிற டிவிஆர் பெட்டியையே தூக்கிக்கொண்டு போனால் எதில் பார்ப்பது? என் நாயைத் தூக்கச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பரம்பு டீச்சர்:
நாய், கேமரா எல்லாம் இருக்கட்டும், பின்கதவைப் பார்த்தீர்களா? முன்னால் தேக்குக் கதவு, சமையலறைப் பக்கம் மெல்லிசுப் பலகையும் ஒற்றைக் கொண்டியும். அதைத் திறக்கத் தோதாக கம்பிப்பாரையும் ஏணியும் அங்கேயே சாய்த்து வைத்திருக்கும். வெளியூர் போனால் ஸ்டேஷனில் எழுதிக் கொடுங்கள், ரோந்துக்காரர்கள் பார்ப்பார்கள். ஆள் உள்ளே வந்துவிட்டால் பிள்ளைகளோடு ஒரு அறையில் தாழ் போட்டுக்கொண்டு 112-க்கு அடியுங்கள்.

குலசேகரம் பையன்:
112 வருவதற்குள் விடிந்துவிடும் டீச்சர். வெட்டுகத்தி எதுக்கு இருக்கு? வீட்டுக்குள் வந்தவனை வெட்டினால் கேஸே கிடையாது.

கோட்டாறு வக்கீல்:
அரைகுறைச் சட்டம் பேசாதே தம்பி. புதுக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 41, பழைய ஐபிசியில் 103. இருட்டியபின் வீட்டை உடைத்து வருகிறவனைத் தடுக்கையில் அவன் உயிர் போனாலும் தற்காப்பு என்கிறது, சரி. ஆனால் அதுவே பிரிவு 37-க்குக் கட்டுப்பட்டது, தேவைக்கு மேல் காயம் கூடாது. மதில் ஏறி ஓடுகிறவனைத் துரத்திப்போய் முதுகில் வெட்டிவிட்டு 41 என்று என்னிடம் வராதே.

குலசேகரம் பையன்:
டவுன்காரங்களுக்கு இருமினால் பக்கத்து வீட்டில் கேட்கும், சட்டம் பேசலாம். எங்களுக்குக் கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் வீடே கிடையாது.

தக்கலைக்காரன்:
சட்டம் கிடக்கட்டும் வக்கீல் சார். நாய் பிஸ்கட் தின்னுமா, தின்னாதா? அதைச் சொல்லுங்கள்.

பரம்பு டீச்சர்:
உங்கள் நாய் காற்றடித்தாலும் குரைக்கும், பூனை போனாலும் குரைக்கும். நிஜமாகவே கள்ளன் வந்தாலும் தெருவில் ஒருத்தரும் எழுந்திருக்க மாட்டோம்.

தக்கலைக்காரன்:
இப்போது புரிகிறது! போன மழைக்காலத்தில் என் நாயைப் பற்றி தெருவெல்லாம் கையெழுத்து வாங்கினது நீங்கள்தானே? என் வீட்டுப் பலாப்பழம் தின்ற வீடுகளும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தன, மறக்கவில்லை.

பரம்பு டீச்சர்:
பலாப்பழத்துக்கும் கணக்கா? கொட்டையைத் திருப்பித் தரவா?

கருங்கல் கேமராக்காரன்:
அண்ணாச்சி, பிஸ்கட்டை விடுங்கள். பொரித்த கோழிக்கால் போட்டால்?

தக்கலைக்காரன்:
பார்த்தீர்களா மக்களே, பிஸ்கட்டில் இருந்து கோழிக்குத் தாவிவிட்டார்! முதலில் பிஸ்கட்டுக்குப் பதில் சொல்லிவிட்டு கோழிக்கு வாங்க தம்பி.